கொத்து வேண்டாமாம்!

அனோஜினியின் அப்பா டனிஸ்ரன் ஒரு தும்மல் தும்மினால் போதும், வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துவிடும். போன வருடம் மழையில் நனைந்து, சளி நெஞ்சில் இறங்கி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் அவர்.

அப்படிப்பட்டவர்தான் இப்போது வேட்டைக்குப் புறப்படுகிறார். அதுவும் ஒக்டோபர் மாதத்தில், மழையும் பனியும் மாறி மாறிக் கொட்டும் காட்டுக்குள்!

அவர்கள் இருக்கும் கனடாவின் கியூபெக் காடுகளில் 'ஒரிஞால்' என்றொரு மிருகம் இருக்கிறது. அப்பா அதை மரை என்றுதான் சொல்வார். இலங்கையில் அப்பாவின் ஊரான மன்னார்க் காட்டு மரை அதன் பக்கத்தில் நின்றால் கன்றுக்குட்டி போலத் தெரியும். அவ்வளவு பெரியது.

தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை செய்யும் றெஜான் ஒவ்வொரு வருடமும் மரை வேட்டைக்குப் போவார். "இந்த முறை நீயும் வா" என்று அவர் கூப்பிட்டதிலிருந்து அப்பாவுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. கோடையிலேயே வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். வேட்டைக்காலம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. வெள்ளிக்கிழமை காலை பயணம்.

"நனைஞ்சு குளிர் பிடிக்காமல் வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றார் அம்மா அக்னெஸ்.

"ஓம், ஓம்" என்றார் அப்பா.

புதன்கிழமை வேலையால் வந்த அப்பாவின் முகம் வாடியிருந்தது.

"அக்னெஸ், றெஜானுக்குக் கொத்து வேண்டாமாம்."

அம்மா திகைத்துப்போனார். பயணத்துக்குக் கொத்து ரொட்டி போடுவதற்காக அப்போதுதான் ரொட்டிகளைச் சுட்டு அடுக்கியிருந்தார்.

"ஏனாம்? போன முறை பிளேற்றை வழிச்சு வழிச்சுச் சாப்பிட்ட மனுசனெல்லோ!"

"தெரியாது. மெசின் சத்தத்துக்குள்ள நிண்டு மூண்டு தரம் சொன்னவர். நெஞ்சைப் பிடிச்சு இருமியும் காட்டினவர்."

"அப்ப உறைப்புக் கூடிப்போச்சு" என்று பெருமூச்சு விட்ட அம்மா, ரொட்டிகளைப் பொதி கட்டிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். பிறகு பயணப் பையை நிரப்பத் தொடங்கினார். ஆறு பனியன், இரண்டு ஜீன்ஸ், தடித்த மேற்சட்டைகள், எட்டுச் சோடி காலுறை. எல்லாம் புதியவை. எல்லாம் பருத்தி.

"நைலோன் கியிலோன் ஒண்டும் வேண்டாம். பருத்திதான் உடம்புக்கு நல்லது" என்றார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்த அனோஜினி, தொலைபேசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்குவதைக் கண்டாள். பொத்தானை அமத்தினாள். றெஜானின் குரல் பிரெஞ்சில் கடகடவென்று ஓடியது. நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறாராம். மூன்று நாளும் மழையாம். கடைசியில் சத்தமாக ஒன்று சொன்னார்.

"பா த கொத்தோன்!"

அனோஜினி அதை மறுபடியும் கேட்டாள். பிறகு பயணப் பையைப் பார்த்தாள்.

"அம்மா! அது கொத்து இல்லை அம்மா, கொத்தோன்!"

"என்ன கொத்தோ?"

"பிரெஞ்சில 'பா த' எண்டால் வேண்டாம், 'கொத்தோன்' எண்டால் பருத்தி. பருத்தி உடுப்புக் கொண்டு வராதேங்கோ எண்டுதான் அந்த அங்கிள் சொல்லியிருக்கிறார்!"

"பருத்தி அவருக்கு என்ன செய்ததாம்?" என்று கேட்டார் அம்மா.

அது அனோஜினிக்கும் தெரியவில்லை. ஆனால் போன மாதம் ஆப்பிள் தோட்டத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது மழையில் நனைந்த அவளுடைய ஜீன்ஸ், வீடு வரும் வரைக்கும் காயவேயில்லை. பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

அவள் பையிலிருந்து ஒரு பருத்திக் காலுறையை எடுத்தாள். தன்னுடைய கம்பளிக் காலுறை ஒன்றையும் எடுத்தாள். இரண்டையும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, காலுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு பல்கனியில் போய் நின்றாள்.

"உனக்கென்ன விசரே! உள்ள வா!" என்று அம்மா கத்தினார்.

"அஞ்சு நிமிசம் அம்மா!"

ஐந்து நிமிடத்தில் பருத்திக் கால் விறைத்துவிட்டது. கம்பளிக் கால் ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை போல இருந்தது. அவள் பருத்திக் காலைத் தூக்கிக்கொண்டு நின்ற நேரம் அப்பா வந்தார்.

"என்ன பிள்ளை, ஒற்றைக்காலில தவமோ?"

அனோஜினி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கடகடவென்று சிரித்தார். "நான் மன்னார்க் கடல்ல நனைஞ்சு வளர்ந்தவன். எனக்கு இதெல்லாம் ஒரு குளிரே?"

"அப்ப கையை நீட்டுங்கோ."

ஒரு கைக்குப் பருத்தி, மற்றக் கைக்குக் கம்பளி. அப்பா பத்து நிமிடம் நிற்பதாகச் சொன்னார். இரண்டாவது நிமிடம் சிரிப்பு நின்றது. நான்காவது நிமிடம் பருத்திக் கையை உதறினார்.

"இது என்ர கைதானோ எண்டே தெரியேல்லை" என்றபடி உள்ளே வந்தார். "அப்ப அந்த மனுசன் இருமிக் காட்டினது உறைப்புக்கு இல்லை. என்ர நெஞ்சுச் சளிக்கு."

அம்மா பையைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "இஞ்சேருங்கோ, போகவேண்டாம்" என்றார்.

அப்பா மேசைப் பக்கம் திரும்பினார். கோடை முழுவதும் அவர் படித்த வேட்டைப் புத்தகம் அதில் கிடந்தது. அவரைப் பார்க்க அனோஜினிக்குப் பாவமாக இருந்தது. அனுப்பவும் பயமாக இருந்தது.

"அப்பா, இண்டைக்கு வியாழனெல்லோ! கோயிலுக்குக் கீழ பழைய உடுப்பு விக்கிறவை. ஆறு மணி வரைக்கும் இருக்கும்!"

மணி ஐந்தரை. மூவரும் மழைக்குள் குடையோடு ஓடினார்கள்.

தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் உடுப்புகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அனோஜினி ஒவ்வொரு உடுப்பிலும் தைத்திருந்த துண்டை வாசித்து வாசித்து எறிந்தாள். "கொத்தோன்... கொத்தோன்... லேன்! இது கம்பளி!" இரண்டு காற்சட்டையும் நாலு சோடி காலுறையும் கிடைத்தன. அப்பாவின் அளவில் ஒரேயொரு கம்பளிச் சட்டைதான் இருந்தது. றோஸ் நிறம். நெஞ்சில் பெரிய கொம்போடு ஒரு மரை.

"மரையின்ர படத்தைப் போட்டுக்கொண்டு மரை வேட்டைக்கோ?" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சொந்தக்காரன் எண்டு நினைச்சுக் கிட்ட வரட்டும்" என்றார் அப்பா.

வெள்ளி மழை. சனி மழை. ஞாயிறு மழையோடு பனியும் சேர்ந்து விழுந்தது. காட்டுக்குள் தொலைபேசி வேலை செய்யாது. அம்மா செபமாலையைக் கையிலிருந்து வைக்கவில்லை. அனோஜினி ஜன்னலை விட்டு அசையவில்லை.

ஞாயிறு பின்னேரம் கதவு திறந்தது. தாடி முளைத்து, முழங்கால் வரைக்கும் சேற்றோடு அப்பா நின்றார். அனோஜினி அவருடைய மூக்கைத்தான் முதலில் பார்த்தாள். மூக்கு ஒழுகவில்லை. இருமலும் இல்லை.

"மரை எங்கயப்பா?"

"காலடி மட்டும்தான் கண்டம்" என்ற அப்பா, அவளுடைய தலையைத் தடவினார். "நேற்று ஓடையில வழுக்கி விழுந்திட்டன். நெஞ்சு வரைக்கும் தண்ணி. குடிலுக்குத் திரும்பி வர ஒரு மணித்தியாலம் நடக்கவேண்டியிருந்தது. நனைஞ்ச கம்பளியும் சூடு தந்தது பிள்ளை. பருத்தி எண்டால் நேர ஆஸ்பத்திரிதானாம், றெஜான் சொன்னவர்."

"என்ர மாதாவே!" என்று சொன்ன அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் கூடவே வந்தது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத அனோஜினிக்கு அப்போதுதான் பசி தெரிந்தது.

அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு றெஜான் படியேறி வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சோகமான முகத்தோடு அனோஜினியிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டார் அம்மா.

"மூண்டு நாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவராம். கொத்து ரொட்டி ஏன் குடுத்துவிடேல்லை எண்டு கேக்கிறார்!"

அம்மா குளிர்ப்பெட்டியைத் திறந்து, ரொட்டிப் பொதியை வெளியே எடுத்தார். சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து டக டக என்று கொத்தும் சத்தம் கேட்டது.

"கொத்து, ஓம்!" என்றார் றெஜான் அரைகுறைத் தமிழில், கையைத் தேய்த்துக்கொண்டு.

"கொத்தோன், வேண்டாம்!" என்றார் அப்பா.