எங்கேஜாக இருந்த வீடு

பிற்பகல் மூன்று ஐம்பது.

"ஐயா, லைன் சரி! போனை ஒருக்கா எடுத்துக் காதில வைச்சுப் பாருங்கோ."

லைன்மன் கலந்தர் வாசற்படியில் நின்று கூப்பிட்டார். இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே போனார்.

பேதுரு ஐயா மண்டபத்தில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்து வைக்கும் முருகைக்கல் அவர் காலடியில் உருண்டு கிடந்தது. விவரமுள்ள மனுசன் என்றால் ஒன்றையும் தொடாமல் வெளியே ஓடியிருப்பான். கலந்தரோ கிழவரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஐயா, ஐயா" என்று கதறினார். அயலவர்கள் ஓடிவந்து பார்த்தபோது அவருடைய சட்டையெல்லாம் இரத்தம்.

நான்கு நாற்பதுக்குச் சப் இன்ஸ்பெக்டர் சவிரிமுத்து வந்து சேர்ந்தார். குருநகர்க்காரர். மன்னாருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம். மனைவி செத்துப்போனாள், பிள்ளைகள் இல்லை. குவாட்டர்ஸில் ஒரு கட்டிலும் ஒரு தேநீர்க் கேத்திலும்தான் துணை. சட்டைப்பையில் கிடக்கும் போன் அடித்தால் அது நிலையமாகத்தான் இருக்கும். தனி மனிதனின் வீட்டை அடையாளம் காண அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுவும் அப்படிப்பட்ட வீடு. மகள் இத்தாலியில் உழைத்துக் கட்டுவித்தது. பேசாலைக் கரையில் இவ்வளவு பெரிய மண்டபம் வேறெங்கும் இல்லை. எட்டுக் கதிரைகள் கிடந்தன. ஏழில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் உறை கழற்றப்படவேயில்லை. எட்டாவது கதிரை தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் மெத்தை மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. தலைமன்னார்த் துறையில் கப்பல் ஓடிய காலத்தில் ஊர்ச்சனம் முழுவதோடும் வாய் ஓயாமல் கதைத்த கிளார்க் பேதுரு, கடைசியில் இந்தக் கதிரையில் இருந்து மணி அடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆள் கையும் களவுமாப் பிடிபட்டிட்டார், சேர்," என்றான் கொன்ஸ்தாபிள் வின்சன்ட். "கேற்றடியில சனம் கூடிட்டுது. கெதியா ஏத்திக்கொண்டு போனால் நல்லம். அடிக்கப் பாக்கினம்."

பின்கதவு கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

"இது?"

"எப்பவும் திறந்துதான் கிடக்குமாம். காத்துக்கு."

கலந்தர் குசினியில், அடுப்போரத் தரையில் குந்தியிருந்தார். எருக்கலம்பிட்டிக்காரர். புத்தளத்தில் அகதியாக இருபது வருடம் இருந்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு, போன வருடம்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சாண் வயர் தொங்கியது. அதன் இரண்டு முனையிலும் பல்லுள்ள கிளிப்.

"எத்தனை மணிக்கு வந்தனீங்கள்?"

"ரெண்டே முக்காலுக்கு, சேர். ஒரு கிழமையா லைனில இரைச்சல் எண்டு ஐயா முறைப்பாடு குடுத்தவர். உப்புக்காத்து ஜொயின்றைத் திண்டுபோட்டுது. ஐயா பிளேன்ரீ தந்தவர். குடிச்சிட்டு மூண்டு மணிக்கு ஒழுங்கை முடக்கில இருக்கிற ரெலிபோன் போஸ்ற்றில ஏறினன்."

"இறங்கினது?"

"நாலுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்க. பழைய ஜொயின்றை வெட்டி, புதுசாப் போட்டு, மீற்றர் வைச்சுப் பாத்துத்தான் இறங்கினன்."

"அங்க நிண்டா வீட்டு வாசல் தெரியுமோ?"

"தெரியும்."

"ஆரும் உள்ள போனவையோ?"

கலந்தர் யோசித்தார். பொய் சொல்ல அது நல்ல இடம். "இல்லை, சேர். ஒருத்தரும் போகேல்லை," என்றார். தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறோம் என்று அந்த மனிதருக்கு விளங்கவில்லை.

அந்த நேரம் மண்டபத்தில் தொலைபேசி அடித்தது. கலந்தர் முக்கால் மணித்தியாலம் போஸ்ற்றில் நின்று திருத்திய லைன், கணீரென்று அடித்தது. சவிரிமுத்து எடுத்தார்.

"பப்பா! உங்கட நேரத்துக்கு மூண்டு மணியிலயிருந்து விடாமல் அடிக்கிறன். ஒவ்வொரு முறையும் எங்கேஜ். மூண்டே முக்காலுக்கு வேலைக்குக் கூப்பிட்டிட்டினம், இப்பதான் திரும்ப எடுக்கிறன்."

பேதுருவின் ஒரே மகள் பெற்றிசியா. சவிரிமுத்து தன்னை யார் என்று சொன்னார். பிறகு சொல்லவேண்டியதையும் சொன்னார். மறுமுனையில் பாத்திரம் ஒன்று விழுந்து உடைந்தது. பிறகு அழுகுரல் கேட்டது.

ஐந்து மணி தாண்டி, மோட்டார்சைக்கிளில் அலறிக்கொண்டு வந்து இறங்கினான் பெனடிக்ற். செத்தவரின் தங்கை மகன். மன்னார் பஸ் நிலையத்தடியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன். அழுத வேகத்தில் பொலித்தீன் கதிரை ஒன்றில் தொப்பென்று விழுந்தான்.

"மூண்டரைக்குக் கடையிலயிருந்து மாமாவுக்கு எடுத்தனான், சேர். றிங் போச்சுது, போச்சுது, எடுக்கவேயில்லை. நித்திரையாக்கும் எண்டு விட்டிட்டன். அப்பவே ஓடி வந்திருந்தால்…"

"கடையில ஆர் நிண்டது?"

"அந்த நேரம் பாதிக்கதவு சாத்தித்தான் கிடக்கும். நான் தனிய."

"கடற்கரைக் காணி விசயமா மாமாவோட பிரச்சினை எண்டு அயலவை சொல்லினமே?"

"எங்கட அம்மாவுக்கும் பங்கிருக்கிற காணி, ஹோட்டல் கட்ட ஆக்கள் கேட்டவை. நான் சொல்லிப் பாத்தன், மாமா மாட்டன் எண்டிட்டார். அதோட விட்டாச்சு. வீட்டுக்குள்ள நடக்கிற கதைதானே சேர்."

சவிரிமுத்து முற்றத்துக்கு இறங்கினார். கேற்றுக்கு வெளியே சத்தம் கூடிக்கொண்டிருந்தது. நிலையத்திலிருந்து பொறுப்பதிகாரி இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். கலந்தரை இன்றைக்கே நீதவானிடம் கொண்டுபோய் உள்ளே தள்ளச் சொன்னார். உள்ளே போனால் வெளியே வர எத்தனை வருடமோ. எருக்கலம்பிட்டியில் அவர் மனைவி இரவுச் சாப்பாட்டுக்குக் கறி வைத்துக்கொண்டிருப்பாள்.

"எல்லாம் பொருந்துது, சேர்," என்றான் வின்சன்ட். "மூண்டிலயிருந்து எங்கேஜ். கிழவர் ஆரோடையோ கதைச்சுக்கொண்டு உசிரோட இருந்திருக்கிறார். மூண்டு ஐம்பதுக்குக் கலந்தர் உள்ள போறார். கதை முடிஞ்சுது."

"அப்ப பெனடிக்ற்றுக்கு மட்டும் எப்பிடி றிங் போனது?"

வின்சன்ட் தலையைச் சொறிந்தான். "லைன் வெட்டிக் கிடந்தாலும் எடுக்கிறவருக்கு றிங் போகும், சேர். சண்டைக்காலத்தில சனம் இடம்பெயர்ந்து போய் நிண்டுகொண்டு, விட்டிட்டு வந்த வீட்டுக்கு அடிச்சுப் பாக்கும். கம்பியும் இராது, கூரையும் இராது. ஆனா றிங் போகும். மன்னாரில இது தெரியாத ஆள் இல்லை."

"சரி. லைன் வெட்டிக் கிடந்தது எண்டு வைப்பம். வெட்டின லைனில கிழவர் ஆரோட கதைச்சவர்?"



சவிரிமுத்து தொலைபேசிக் கந்தோருக்கு எடுத்து விசாரித்தார். அந்த இலக்கத்திலிருந்து அன்று பின்னேரம் எந்த அழைப்பும் போகவில்லை. உள்ளே வந்த அழைப்பு எதுவும் எடுக்கப்படவுமில்லை. ஆனாலும் லைன் எங்கேஜ். கதைக்க ஆளில்லாமல் ஒரு தொலைபேசி முக்கால் மணித்தியாலம் கதைத்திருக்கிறது. அவர் விறுவிறென்று குசினிக்குள் போனார்.

"கலந்தர், உந்தச் சட்டைப்பையில இருக்கிற வயர் என்னத்துக்கு?"

கலந்தர் அதைத் தொட்டுப் பார்த்தார். "இதோ? இது என்ர காவல், சேர். ஜொயின்றை வெட்ட முன்னம், கந்தோர்ப் பக்கத்திலயிருந்து வாற ரெண்டு கம்பியையும் இந்தக் கிளிப்பால சேத்துக் கடிக்க விட்டிடுவன். ஆரும் போன் எடுத்தால் மணி அடிக்கிற கரண்ட் கம்பியில வரும். ஒருக்கா கம்பியைப் பல்லால உரிச்சுக்கொண்டு நிக்கேக்க அந்தக் கரண்ட் அடிச்சு, ஏணியால விழுந்து மூண்டு மாசம் படுக்கையில கிடந்தன். அதுக்குப் பிறகு கிளிப் போடாமல் கம்பியைத் தொடுறதில்லை. மற்றவங்கள் ஆரும் போடுறதில்லை, சிரிப்பாங்கள்."

"கிளிப் போட்டால் எடுக்கிறவருக்கு என்ன கேக்கும்?"

"ரெண்டு கம்பியும் சேந்தால் கந்தோர் மெசினுக்கு, வீட்டில போனைத் தூக்கி வைச்ச கணக்கு. எங்கேஜ்தான் கேக்கும்."

"எப்ப போட்டது, எப்ப எடுத்தது?"

"ஏறின கையோட போட்டனான். இறங்கிறதுக்குக் கொஞ்சம் முன்னம்தான் எடுத்தனான். நடுவில கழட்டவேயில்லை."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"கேக்கேல்லையே, சேர்."

சவிரிமுத்துவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வின்சன்டின் காதில் ஏதோ சொல்லிக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு, மண்டபத்துக்குள் போய்ப் பெனடிக்ற்றுக்கு எதிரே இருந்தார்.

"தம்பி, மூண்டரைக்கு றிங் போனது நிச்சயமோ? எங்கேஜ் இல்லையோ?"

"சத்தியமா றிங், சேர். கடைசி வரைக்கும் போய் நிண்டது."

"உம்மட மச்சாள் அதே நேரம் விடாமல் எடுத்தவ. அவவுக்கு எங்கேஜ்."

"வெளிநாட்டு லைன் அப்பிடித்தான்…"

"லைன்மன் மேல நிண்டு வேலை செய்தது உமக்கு இஞ்ச வந்து கேற்றடியில சனம் சொன்னபிறகுதான் தெரியும். வெட்டின லைனுக்கு றிங்தான் போகும் எண்டு ஊருக்கே தெரியும். நல்லதாப் போச்சு எண்டு றிங் எண்டிட்டீர். எடுக்காத கோலுக்குப் பில்லும் வராது, ஒருத்தரும் பிடிக்கேலாது. வேற எந்த லைன்மன் ஏறியிருந்தாலும் நீர் தப்பியிருப்பீர். இவர் ஒருக்கா விழுந்தெழும்பின மனுசன். கம்பியைச் சேத்துக் கட்டிப்போட்டுத்தான் வெட்டுவார். மூண்டரைக்கு உலகத்தில எந்த மூலையிலயிருந்து எடுத்தாலும் இந்த வீடு எங்கேஜ். எடுத்தவனுக்கு அது தெரிஞ்சிருக்கும். நீர் எடுக்கேல்லை. நீர் கடையில நிக்கேல்லை. கடற்கரையால வந்து, பின்கதவால இந்த மண்டபத்துக்கு வந்தீர்."

பெனடிக்ற் கதிரையை விட்டு எழும்பினான். ஆனால் ஆள் லேசானவன் இல்லை. "ஒரு லைன்மன்ர வாயைக் கேட்டு என்னைப் பிடிக்கிறியளோ? தன்னைக் காப்பாத்த என்னவும் சொல்லுவான்!"

வின்சன்ட் திரும்பி வந்தான். கரையில் கருவாடு காயவைக்கும் செலீனா, பெனடிக்ற்றின் மோட்டார்சைக்கிள் மணலில் நின்றதைப் பார்த்திருக்கிறாள். யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை. ஆனால் செலீனாவிடம் மணிக்கூடு இல்லை. பின்னேரம் என்பதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. கலந்தரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் அந்த எங்கேஜ் சத்தத்தைக் கேட்ட காது ஒன்று வேண்டும். அது இத்தாலியில் இருந்தது.

ஆறரைக்குச் சவிரிமுத்து பள்ளம் விழுந்த கதிரையில் இருந்து பெற்றிசியாவுக்கு எடுத்தார். வாக்குமூலம் வேண்டுமென்றார். எத்தனை மணிக்கு எடுத்தாள், என்ன கேட்டது என்று விசாரித்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் குரல் மாறியது.

"சேர், ஒண்டு கேக்கட்டோ? பப்பா ஆரோட கதைச்சுக்கொண்டிருந்தவர்? எனக்கு எங்கேஜ் கேக்கக் கேக்கச் சந்தோசமா இருந்தது. நான் கிழமைக்கு ஒருக்கா, அதுவும் பத்து நிமிசம்தான் கதைக்கிறனான். வேற ஒருத்தரும் அவருக்கு எடுக்கிறதில்லை. இண்டைக்குத்தான் ஆரோ அவரோட இவ்வளவு நேரம் கதைக்கினம் எண்டு நினைச்சு, சமையலறையில நிண்டு தனியச் சிரிச்சனான். ஆர் அது?"

சவிரிமுத்து பேனாவை நிறுத்தினார். பழைய சிநேகிதர் ஒருவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் ஆயுளுக்கும் அதை வைத்துக்கொள்வாள். குசினிக்குள் கலந்தர் இருமுவது கேட்டது. கிழவர் கதைத்தார் என்று ஆகிவிட்டால் கலந்தரின் கிளிப் பொய்யாகிவிடும்.

"ஒருத்தரும் இல்லை, பிள்ளை," என்றார். "ரெண்டு கம்பி சேந்திருந்தது. வீட்டில ஒருத்தரும் கதைக்கேல்லை."

அவர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

"நான் அதைச் சொன்னால் அந்த லைன்மனை விட்டிடுவியளோ?"

"ஓம்."

"அப்ப எழுதுங்கோ," என்றாள் பெற்றிசியா. "மூண்டு மணியிலயிருந்து எங்கேஜ். என்ர பப்பா ஒருத்தரோடையும் கதைக்கேல்லை."

சவிரிமுத்து எழுதினார்.