பச்சை மை டாக்டரைக் காணோம்!

ட்ரிங்ங்ங்... ட்ரிங்ங்ங்...!

திருவொற்றியூர் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றில் தொலைபேசி அலறியது.

ஏட்டு லியோனார்ட் அலறவில்லை. வாயில் இருந்த மசால் வடையை மெல்வதா, அப்படியே விழுங்குவதா என்ற யோசனையில் இருந்தார்.

விழுங்கினார். ரிசீவரை எடுத்தார்.

"அலோ... போலீஸ் டேசன்..."

மறுமுனையில் ஒரு கரகரத்த குரல். வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு பேசுகிற குரல்!

"சார்... விம்கோ நகர் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் காணோம்!"

"இன்னாது?"

"ஒரு பொம்பள வந்துச்சு. ஆட்டோல ஏத்திகினு பூட்ச்சு. கூட ஒரு ஆடும் கீது!"

"யாரு பேசறது?"

"மே...ஏ...ஏ..." என்றது மறுமுனை.

டொக்!

லியோனார்ட் நாற்காலியிலிருந்து எகிறினார்.

"அய்யா! கடத்தல்! டாக்டரைக் கடத்திட்டாங்க! கடைசில ஆடு மாதிரி கத்தி மெரட்றான்யா!"

இன்ஸ்பெக்டர் ராமதாஸ் தன் அறையிலிருந்து புயலாக வெளியே வந்தார். "எந்த டாக்டர்?"

"டாக்டர் தேவப்பிரியம்யா! பச்சை மை டாக்டர்!"

சொன்ன மாத்திரத்தில் லியோனார்டின் கை, காக்கிச் சட்டைக்குள் போய்த் தடவியது.

சட்டைக்குள் பனியன். பனியனுக்குள் அவருடைய மகள் சில்வியாவின் ப்ளஸ் டூ மார்க் ஷீட் ஜெராக்ஸ். பத்து நாளாக அங்கேயேதான் குடியிருக்கிறது!

விஷயம் இதுதான். சில்வியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஜெராக்ஸ் உண்மையான நகல்தான் என்று ஒரு கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தாலுகா ஆபீசுக்குப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிற ஒரே பெரிய மனிதர் அந்த மாட்டு டாக்டர்தான்.

"வாங்கியாரேன்" என்று லியோனார்ட் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கவில்லை. மறந்து போனார் என்று வீட்டில் நினைத்தார்கள். மறக்கவில்லை. மகள் கேட்கிற படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை!

இன்றைக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குக் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள்.

டாக்டரே இல்லையென்றால் தன் மேல் பழியும் இல்லை. லியோனார்டுக்கு உள்ளூர ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. பாவி மனுஷன்!

"ஜீப்பை எடுய்யா!" என்று டிரைவரிடம் கத்தினார் ராமதாஸ்.

ஜீப் சீறியது... பத்தடி தூரம்.

பிறகு நின்றது.

எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள்! துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கிற வரிசை. டிரைவர்கள் லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டி, சாம்பாரே தாளித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து பஸ் ஒன்றுகூட நகரவில்லை. எங்கேயோ மின்கம்பி அறுந்து ரயிலும் ஓடவில்லை.

"சைரனைப் போடு! ராங் சைடுல விடு!"

ஊ...ய்ய்ய்...! சைரனுக்கு மட்டும் வழி பிறந்தது.

"லியோனார்ட், உம் பொண்ணு இந்த வருஷம் காலேஜ்தானே? என்ன படிக்கப் போகுது?"

"அத்த இன்னாத்துக்குக் கேக்கறீங்க அய்யா..." லியோனார்ட் பெருமூச்சு விட்டார். "அந்த யூனிவர்சிட்டி பொஸ்தகத்த வாங்கியாந்து வெச்சிகினு, ஜெபம் பண்ற மாதிரி ராவும் பகலும் படிக்குதுய்யா."

முந்தின வாரம் சோற்றுத் தட்டின் முன்னால் நடந்தது அவர் கண்ணில் ஓடியது.

"டாடி, மானுடவியல்னு ஒண்ணு கீது."

"அப்டின்னா?"

"மனுஷங்களைப் பத்திப் படிக்கறது."

"அதுக்கு எதுக்கு காலேஜு? டேசன்ல வந்து ஒரு நாளு குந்து."

"கடல் உயிரியல்?"

"ஒன் மாமன் காசிமேட்டுல தெனம் அதத்தான் கூறு போட்டு வித்துகினு கீறான்."

"நிலவியல்?"

"நாம குந்திகினு கீற நெலத்துக்கே பட்டா இல்ல. நீ நெலத்தைப் படிக்கப் போறியா?"

சில்வியா புத்தகத்தை மூடினாள். கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குத் தடய அறிவியல்தான் டாடி வேணும். கொலை நடந்த எடத்துல தடயம் எடுத்து, யாரு குத்தவாளின்னு கண்டுபுடிக்கற படிப்பு."

"பொணத்தைப் பாக்குற படிப்பா? ஒன்னை எவன் கட்டிப்பான்? ஒயுங்கா பி.காம். படி!"

அன்றைக்கு சில்வியா சாப்பிடாமல் எழுந்துபோனாள். லியோனார்டுக்கும் அப்புறம் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இறங்கி வரவில்லை.

"யோவ், எறங்குய்யா! ஆஸ்பத்திரி வந்தாச்சு!"

மாட்டு ஆஸ்பத்திரி வாசலில் மாடு ஒன்றே ஒன்றுதான். மனிதர்கள் நூறு பேர்! ஒவ்வொருவர் கையிலும் ஜெராக்ஸ்.

"டாக்டர் எங்கே? எம் புள்ள வாழ்க்கை போச்சே!"

"கண்டுபுடிச்சுக் குடு! இல்லாங்காட்டி ரோட்ல குந்திடுவோம்!"

"ரோட்ல எங்கம்மா எடம் இருக்கு? லாரி நிக்குது!" என்றார் ராமதாஸ்.

உள்ளே நுழைந்தார்கள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி. மேஜை மேல் பாதி குடித்த டீ. பின்கதவு திறந்து கிடந்தது. கதவருகே...

"அய்யா! ரத்தம்!"

"எங்கே?"

"தோ! ஆனா... ரத்தம் பச்சையா கீதுய்யா!"

ராமதாஸ் குனிந்து தொட்டார். முகர்ந்தார். நிமிர்ந்து லியோனார்டைப் பார்த்தார்.

"இங்க்குய்யா அது."

"ஆங்... நானும் அத்தான்யா நெனச்சேன்."

எதிர் டீக்கடை காஜா மொய்தீன் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"அந்தப் பொம்பள பின்பக்கமா வந்துச்சு ஏட்டய்யா. டாக்டர் தானா சிரிச்சிகினேதான் ஆட்டோல ஏறுனாரு."

"மயக்க மருந்து!" லியோனார்ட் கத்தினார். "அத்தக் குடுத்தா சிரிப்பு வரும்! பொம்பள எப்படி இருந்துச்சுப்பா?"

"முக்காடு போட்டுகினு இருந்துச்சு. மூஞ்சி தெரியல. டாக்டருக்கே 'ஏறு, ஏறு'ன்னு ஆர்டர் போடுச்சு. கொஞ்சம் மெரட்டலான பொம்பள."

"ஆடு?"

"கறுப்புக் கடா. கழுத்துல செவப்புக் கயிறு, அதுல ஒரு மெடலு. ஒரு காது பாதிதான் கீது."

லியோனார்ட் தாடையைச் சொறிந்தார்.

"மெடல் போட்ட ஆடு... ஏதோ பந்தயத்துல ஜெயிச்ச ஆடுய்யா! எங்க வூட்லயும் அந்தோணியாருக்கு நேர்ந்து வுட்ட கடா ஒண்ணு கீது. அதுக்கும் ஒரு காது பாதிதான். அந்தோணியார் படம் போட்ட மெடலும் கீது. இந்த வருஷம் ஆடுங்கோ எல்லாம் அப்டித்தான் பொறக்குது போல!"

ராமதாஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வயர்லெஸ்ஸில் கண்ட்ரோல் ரூம் கரகரத்தது.

"இன்ஸ்பெக்டர்! டாக்டரோட மேலதிகாரி சேப்பாக்கம் ஆபீஸ்ல உட்கார்ந்துகிட்டுக் கத்தறார். கெஜட்டட் ஆபீசர் காணோம்னா சாதாரண விஷயமா? இன்னைக்கே டாக்டரை உயிரோட கொண்டுவந்து அவர் முன்னாடி நிறுத்தணும். ஓவர்!"

ராமதாஸுக்கு வியர்த்தது.

"இன்னொரு சொட்டு கீதுய்யா!" வெளியிலிருந்து லியோனார்டின் குரல்.

ஆட்டோ போன திசையில், முனைக்கு முனை ஒரு பச்சைச் சொட்டு! ரேஷன் கடை முனையில் ஒன்று. ஐஸ் பேக்டரி முனையில் ஒன்று. அந்தோணியார் சிலை வைத்த கெபியின் படிக்கட்டில் ஒன்று.

"பாவம்யா டாக்டரு. பேனாவைத் தெறந்து வுட்டுகினே போயிருக்காரு. இன்னா மூளை!"

லியோனார்ட் மோப்ப நாயாக முன்னால் ஓடினார். ஜீப் பின்னால் ஊர்ந்தது. இடது பக்கம் திரும்பினார். மீன் வலை காயும் சந்தில் நுழைந்தார். நீலக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன்னால் கடைசிச் சொட்டு. பெரிய சொட்டு. எந்த வீடு என்று சந்தேகமே வராத சொட்டு!

உள்ளேயிருந்து ஒரு முனகல்.

"அ...ஆ... போதும்மா... என்னால முடியலை..."

"சித்திரவதை!" லியோனார்ட் கிசுகிசுத்தார். "அய்யா, நீங்க பின்னாடி வாங்க. இந்த வூட்டு வாசக்காலு தாய்வானது, தலை இடிக்கும்."

"உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"தெனம் இடிச்சிக்கறேனே..."

சொல்லிவிட்டு லியோனார்ட் நின்றார்.

கதவைப் பார்த்தார். நீலம். போன ஈஸ்டருக்கு அவரே அடித்த நீலம்!

"அய்யய்யோ... இது நம்ம வூடு!"

படாரென்று கதவு திறந்தது.

கூடத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் டாக்டர் தேவப்பிரியம். முன்னால் வாழை இலை. இலை நிறைய நண்டு ஓடு.

"போதும்மா, வயித்துல எடமில்லை" என்று அவர் முனக, "இன்னும் ஒரே ஒரு நண்டு சார்" என்று கரண்டியோடு நின்றாள் ஏட்டு மனைவி வியாகுலம்மாள். முக்காடு தோளில் கிடந்தது. மூலையில் கறுப்புக் கடா, மெடல் மின்ன, முருங்கைத் தழை தின்றது.

"வியாகுலம்! நீயா கடத்தல்காரி?"

"கடத்தலா? நல்லா வாயில வருது!" வியாகுலம்மாள் கரண்டியை ஓங்கினாள். "பத்து நாளா ஜெராக்ஸை வவுத்துல கட்டிகினு சுத்தறியே, நீயெல்லாம் ஒரு தகப்பனா? அதான் நானே வேற ஜெராக்ஸ் எடுத்துகினு போய் டாக்டரை வூட்டாண்ட இட்டாந்தேன்!"

"இன்ஸ்பெக்டர், என்னை யாரும் கடத்தலை" என்றார் டாக்டர். "ஒரு வாரமா ஒரு மாட்டைக்கூட நான் பார்க்கலை. மார்க் ஷீட்டாத்தான் பார்க்கிறேன். ஆட்டுக்கு வயிறு உப்பிடுச்சு, இந்தக் கூட்டத்துல வேணாம், வீட்ல வெச்சுப் பாருங்கன்னு இந்தம்மா சொன்னதும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. வந்து பார்த்தேன். ஆட்டுக்கு ஒண்ணுமில்லை. நண்டுக் குழம்பு இருந்தது. மூணு காப்பி கையெழுத்துப் போட்டேன்."

ராமதாஸ் சிவந்தார். "அப்ப போன் பண்ணது யாரு?"

"நான்தான் சார்."

உள் அறையிலிருந்து சில்வியா வந்தாள். ஒரு கையில் விண்ணப்பம். இன்னொரு கையில் பச்சை இங்க் புட்டி!

"பொய்த் தகவல் குடுத்து போலீசை அலைய விட்டா என்ன செக்‌ஷன் தெரியுமா?"

"நூத்தி எண்பத்திரெண்டு. ஆனா நான் இன்னா சார் பொய் சொன்னேன்? டாக்டரைக் காணோம்னேன். மெய்யாலுமே ஆஸ்பத்திரில காணோம். ஒரு பொம்பள ஆட்டோல ஏத்திகினு பூட்ச்சுன்னேன். பூட்ச்சு. ஆடு கீதுன்னேன். ஆடே பேசுச்சு. கடத்தல்னு சொன்னது யாரு?"

ராமதாஸ், டாக்டர், வியாகுலம்மாள், மூவரும் ஒரே நேரத்தில் லியோனார்டைப் பார்த்தார்கள். கடாவும் பார்த்தது.

"எதுக்கும்மா இந்தக் கூத்து? கையெழுத்துதான் கிடைச்சுடுச்சே?" என்றார் ராமதாஸ்.

"கையெழுத்து கெடச்சுது சார். பஸ் இல்ல, ரயில் இல்ல. ரோடு பூரா கன்டெய்னர். அஞ்சு மணிக்குள்ள யூனிவர்சிட்டிக்குப் போவணும்னா சைரன் வெச்ச வண்டிதான் வேணும். கெஜட்டட் ஆபீசர் காணாமப் போனா மேலிடம் சொம்மா வுடுமா? கண்டுபுடிச்சதும் எப்படியும் சேப்பாக்கத்துக்கு இட்டுகினு போவீங்க. யூனிவர்சிட்டி அதுக்குப் பக்கத்துலதான்!"

நண்டு ஓடு ஒன்று டாக்டர் பல்லில் படக்கென்று உடைந்தது.

"சரி... ஆனா இந்தப் பச்சைச் சொட்டு?" லியோனார்ட் வாசலைக் காட்டினார்.

"பின்கதவுலேர்ந்து இது வரிக்கும் நான்தான் வெச்சேன். ஜீப்பு மட்டும் வந்தாப் பத்தாது டாடி. நீயும் வரணும்." சில்வியாவின் குரல் முதன்முறையாக உடைந்தது. விண்ணப்பத்தை நீட்டினாள். "பெத்தவங்க கையெழுத்துன்னு ஒரு எடம் கீது. அத்த மட்டும் எந்த டாக்டரும் போட முடியாது."

லியோனார்ட் மகளைப் பார்த்தார். ரேஷன் கடை, ஐஸ் பேக்டரி, கெபி... முனைக்கு முனை அப்பனுக்குப் புரிகிற மாதிரி சொட்டு வைத்த பெண்! இருபது வருஷ சர்வீஸில் அவர் ஒரு திருடனைக்கூடத் தடயம் பார்த்துப் பிடித்ததில்லை. இந்த ஒரு கேஸில்தான் பிடித்தார். அதுவும் அவள் போட்டுக் கொடுத்தது!

பெருமையில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை லியோனார்ட் உருவினார்.

"யோவ்! அது பச்சை!" என்றார் ராமதாஸ். "நீ கெஜட்டட் ஆபீசர் இல்லை!" தன்னுடைய நீலப் பேனாவை நீட்டினார்.

லியோனார்ட் போட்டார். அவசரத்தில் கையெழுத்து நண்டு மாதிரி பக்கவாட்டில் போயிற்று. ஆனால் போட்டார்!

ஊ...ய்ய்ய்ய்...!

கன்டெய்னர்களைக் கிழித்துக்கொண்டு ஜீப் பறந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் இன்ஸ்பெக்டரும், ஏப்பம் விடும் டாக்டரும். பின்னால் லியோனார்ட், சில்வியா, வியாகுலம்மாள். கடாவை இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை.

"மொதல்ல யூனிவர்சிட்டிக்கு விடுய்யா. டாக்டர் எங்கயும் ஓடிட மாட்டாரு" என்றார் ராமதாஸ்.

கவுண்ட்டர் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இடுக்கில் லியோனார்ட் தன் தொப்பியைச் செருகினார்.

குமாஸ்தா குனிந்து பார்த்தார். இன்ஸ்பெக்டர். ஏட்டு. கரண்டியோடு ஒரு அம்மாள். பச்சை மை டாக்டர். மெடல் போட்ட ஆடு. நடுவில் ஒரு பெண்.

ஷட்டரைத் தூக்கினார். விண்ணப்பத்தைப் புரட்டினார். முத்திரை குத்தினார்.

டப்!

"தடய அறிவியலா? நிறையப் பேர் கேட்டிருக்காங்கம்மா. சீட் கிடைக்கிறது கஷ்டம்தான்..."

ராமதாஸ் கவுண்ட்டருக்குள் தலையை நுழைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எப்படியாவது சேர்த்துக்கச் சொல்லுங்க சார். இந்தப் பொண்ணு எங்க பக்கம் வரலைன்னா திருடங்க பக்கம் போயிடும். அப்புறம் இதைப் பிடிக்க எங்ககிட்ட இருக்கிற ஒரே ஆளு... இவங்கப்பாதான்!"