நான்காவது முள்

தந்திக் கம்பியைக் கழற்றிவிட்ட நான்காவது முள் மெல்ல அசைந்தது.

ஆம்ப்ரோஸ் கண்களைக் கசக்கிக்கொண்டான். தேம்ஸ் கப்பல்துறையிலிருந்து லண்டனுக்கு வரும் அந்த ரயிலுக்கு இன்ஜின் கிடையாது. நகர முனையில் நீராவி உருளை பெரிய வடத்தைச் சுருட்ட, ஒவ்வொரு நிலையத்துப் பெட்டியும் அதைப் பற்றிக்கொண்டு வந்துசேரும். அவன் முன்னிருந்த தந்திப் பலகையில் நிலையத்துக்கு ஒரு முள்; அங்கிருந்து வரும் சைகைக்கு ஏற்பச் சாயும். இடப்பக்கம் சாய்ந்தால் 'பொறு'. வலப்பக்கம் என்றால் 'தயார்'. எல்லா முள்ளும் வலப்பக்கம் சாய்ந்த பிறகே உருளையை ஓட்டச் சொல்லி அவன் மணியடிக்க வேண்டும்.

போன வாரம், இதேபோன்ற பனிமூட்டத்தில், நான்காவது முள் சாயும் முன்பே அடித்துவிட்டான். அங்கே பெட்டியை வடத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஜோசியா, அவன் தங்கையின் கணவன், இழுபட்டுச் செத்தான். வலது கை கிடைக்கவே இல்லை. முள் சாய்ந்திருந்ததாக ஆம்ப்ரோஸ் விசாரணையில் சொன்னான். அந்த நிலையத்தை மூடி, முள்ளின் கம்பியையும் கழற்றிவிட்டார்கள்.

ஈரச் சணலும் நிலக்கரிப் புகையும் மூச்சை அடைத்தன. தங்கை ஹெஸ்டர் தேநீர்க் குவளையை அவன் முன்னால் வைத்தாள்.

"அவசரக்குடுக்கைன்னு ஊரே அவரைப் பேசுதுண்ணா. தேத்தண்ணியில ரொட்டியை முக்குனா அது கரைஞ்சு விழற வரைக்கும் எடுக்காத மனுஷன். அவரா அவசரப்பட்டாரு?" அவள் குரல் உடைந்தது. "நீ பாத்தேல்ல? முள்ளு சாஞ்சுச்சா?"

அவள் தோளுக்குப் பின்னால் நான்காவது முள் இடப்பக்கம் சாய்ந்தது.

"சாஞ்சுச்சும்மா."

"அப்போ அவரு மேலதான் தப்பு." ஏப்ரன் துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

டிக். டிக். முள் இடப்பக்கமே முட்டியது.

"யோவ் ஆம்ப்ரோஸ்! தூங்கிட்டியா?" கீழேயிருந்து யந்திரக்காரன் பிளிஸ் கத்தினான். "எல்லாரும் தயாராயிட்டாங்கய்யா!"

மற்ற முட்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. நான்காவதைப் பார்க்காமல் மணியடித்தான்.

வடம் முனகியது. உருளை சுழன்றது. பனிக்குள்ளிருந்து ஈரவடம் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

பிறகு, தானாக நின்றது.

ஹெஸ்டர் ஜன்னலருகே போனாள்.

"அண்ணா... அது நான் அவருக்குப் பின்னின கையுறை."

விரல்நுனி திறந்த சிவப்புக் கம்பளி உறை. அதற்குள் ஒரு கை. வடத்தை இறுகப் பற்றியிருந்தது.

சுட்டுவிரல் நிமிர்ந்தது. மெதுவாக. இடப்பக்கம் சாய்ந்தது.

ரயில்காரன் மனைவிக்கு அதன் பொருள் தெரியும். ஹெஸ்டர் விரலைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

விரல் சாய்ந்தபடியே இருந்தது.