வாப்பாவின் சுனை

மேலேயிருந்து ஒரு கல் உருண்டு, செம்பாறைச் சுவர்களில் மோதி மோதி, அவர்கள் காலடியில் வந்து விழுந்தது.

"ஆடா?" என்று கிசுகிசுத்தாள் டாக்டர் ரீமா. ஜோர்தான் தலைநகர் அம்மானிலிருந்து மலையாடு பார்க்கவே வந்தவள்.

"ஆடுதான். அசையாதீங்க டாக்டரம்மா" என்றான் வழிகாட்டி உவைத்.

"இதுக்கு முன்னாடி வேற ஆளுங்களோட வந்தேன். புழுக்கையத்தான் காட்டினாங்க. நீ என்ன, ஆட்டுக்கு அழைப்பு அனுப்புறியா?"

உவைத் பெருமையாகச் சிரித்தான். அந்தக் காப்புக்காட்டுப் பள்ளத்தாக்கில் ஆடு காட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயரை வாங்கித் தந்தது ஒரு பலகைக்கல் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும்.

மேலே, பாறை விளிம்பில் ஒரு சுனை இருந்தது. வாப்பா இறந்தபோது உவைதும் தம்பிகளும் உளியால் குடைந்து ஆழப்படுத்தி, அவர் பேரில் தர்மமாக விட்ட சுனை. எந்த உயிர் அதில் குடித்தாலும் அந்த நன்மை கபுரில் கிடக்கும் வாப்பாவுக்குப் போய்ச் சேரும். கோடையிலும் பழைய ராணுவ மேலங்கியைக் கழற்றாத வாப்பா.

இந்தக் கோடையில் உவைத் அந்தச் சுனையைப் பலகைக்கல்லால் மூடிவிட்டான். மேலே தண்ணீர் கிடைக்காவிட்டால் ஆடுகள் கீழே, விருந்தாளிகள் காத்திருக்கும் குட்டைக்குத்தானே வரவேண்டும்?

வந்தன. வளைந்த கொம்புகளோடு, குட்டிகளோடு, குட்டையைச் சுற்றி நின்றன.

குடிக்கவில்லை.

எல்லாம் உவைதையே பார்த்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த பாறையை நாக்கால் நக்குகிற சத்தம். சரக்... சரக்...

ஆடுகளின் வாய்கள் மூடியிருந்தன.

காற்றில்லாத பள்ளத்தாக்கில் புகையிலை மணம் இறங்கியது. வாப்பா கையால் சுருட்டும் புகையிலை. உவைத் எழுந்தான்.

"எங்க போறே?" என்றாள் ரீமா.

"வழி சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று பொய் சொல்லிவிட்டு ஏறினான்.

பலகைக்கல் அவன் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதன் மேல் புதிதாகக் கீறல்கள். குளம்புத் தடங்கள் அல்ல.

விரல்கள்.

திறக்க முடியாமல், திரும்பத் திரும்பப் பிறாண்டிய விரல்கள்.

கல்லைப் புரட்டித் தள்ளினான். உள்ளே தண்ணீர் தளும்பியது. அதில் தன் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கண் கூசியது.

"வாப்பா, மன்னிச்சிருங்க" என்றான். புகையிலை மணம் போய்விட்டிருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடும் முடிவோடு இறங்கினான். ரீமா காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கின் வளைவையே பார்த்திருந்தாள்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"இரு, யாரு அந்தப் பெரியவர்? இந்த வெயில்ல கனமா ராணுவ அங்கி போட்டுக்கிட்டு! பாட்டில் மொத்தத்தையும் குடிச்சுட்டு, ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: 'நான் தண்ணி கேட்டது என் மகனுக்குத் தெரியவேணாம்மா, வெட்கப்படுவான்.'"