பாலத்தின் கால்

எல்லா இயந்திரங்களும் நின்றுபோன வெயில் நேர ஓய்வில், சுரங்கத்துக்குள்ளிருந்து மட்டும் யாரோ கான்கிரீட்டை உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வளைகுடா நகரமான ஃபர்வானியாவின் பழைய மேம்பாலத்தை இடித்துவிட்டு, அதன் அடியிலேயே சுரங்கச்சாலை போடும் வேலை. பிருந்தாதான் சைட் இன்ஜினியர். இந்த அனலில் உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஃபோர்மேன் சாதிக் பாட்ஷாவை அழைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

"உள்ள யாரும் இல்லையே மேடம். நாந்தானே கடைசியா வெளிய வந்தேன்."

"அப்ப அது என்ன பாய்?"

அவர் முன்னால் நடந்தார். டீசல் புகையும் ஈரச் சிமெண்டும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில், கசாப்புக் கடையைக் கழுவிவிட்ட தண்ணீரைப் போல ஒரு பச்சை நெடி ஏறிவர, சுவரோரம் தொங்கிய விளக்குகள் ஒவ்வொரு அடிக்கும் நடுங்கி, இருவரின் நிழல்களையும் முன்னும் பின்னுமாக இழுத்துப்போட்டன.

சத்தம் வந்த இடத்தில் ஆளில்லை. இயந்திரமும் இல்லை. மேலே பாதி இடிபட்டு நிற்கும் பாலத்தின் தூண் ஒன்று, மண்ணுக்குள் இறங்கிய தன் காலைச் சுரங்கச் சுவரில் துருத்திக்கொண்டிருந்தது. அதற்கு உள்ளேயிருந்துதான் அடி விழுந்தது.

சாதிக் பாட்ஷா அதில் கை வைத்தார். "சுடுது மேடம்." உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். "துடிக்குது."

சத்தம் நின்றது.

"கைய எடுங்க பாய்!"

தூண் வெடித்துப் பிளந்தது. துருப்பிடித்த கம்பி ஒன்று அவர் உள்ளங்கையில் புகுந்து புறங்கை வழியே வந்தது. இன்னொன்று தோளில். இரண்டும் கொக்கியாக வளைந்தன. இழுத்தன.

"யா அல்லா! மேடம், விட்றாதீங்க!"

அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். எலும்புகள் நொறுங்குவது அவள் கன்னத்தில் அதிர்ந்தது. தோள் உள்ளே போனது. தலை போனது. அலறல் கல்லுக்குள் சன்னமாகி அறுந்தது. இடுப்பு திருகிக்கொண்டு அவள் பிடியிலிருந்து நழுவியது.

பிளவு மூடிக்கொண்டது.

ஓடினாள். கைகளில் ரத்தம். வாயில் ரத்தம். வழுக்கி விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

மேலே வெயில் கண்ணைக் குருடாக்கியது. "எழுந்திருங்க! யல்லா, ஓடுங்க!"

தூண்களில் முதுகைச் சாய்த்து உறங்கிய தொழிலாளர்களில் ஒருவரும் எழவில்லை. கண்கள் திறந்திருந்தன. ஒவ்வொரு மார்பிலும் ஒரு கம்பிமுனை. தூண்கள் அவர்களை மெல்ல, ஒருசேர, உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு மேலே, நேற்று இடித்த பாலத்தின் விளிம்பு, ஈரமாக, சிவப்பாக, அடுத்த தூணை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது.