எட்டாவது கட்டம்

பழைய பள்ளிக்கூடத்து மைதானத்துக்குக் கோ-கோ அணி வந்து சேர்ந்தது மார்கழி மாதத்தில், இன்னும் சரியாக விடியாத ஒரு காலையில். புதுப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வகுப்பறை கட்டுவதற்காகப் பொக்லைன் விட்டுத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மாவட்டப் போட்டியோ நெருங்கிவிட்டது. உடற்கல்வி ஆசிரியை சித்ரா மிஸ் தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த பழைய கட்டடத்தின் சாவியை வாங்கி வந்திருந்தார்.

கொல்லிமலைப் பக்கமிருந்து இறங்கிய பனி மைதானத்தை மூடிக் கிடந்தது. காற்றில் கோழிப்பண்ணை வாடை. ஓடு சரிந்த வகுப்பறைகளுக்குள்ளிருந்து வவ்வால் எச்சத்தின் நெடி. புல் முழங்கால் வரை மண்டியிருந்தது. ஆனால் நடுவில், கோ-கோ ஆடுகிற அளவுக்கு மட்டும், ஒரு புல்கூட இல்லை. இரண்டு முனையிலும் இரண்டு கம்பங்கள் நேராக நின்றன. தினமும் யாரோ பிடித்துச் சுற்றிய மாதிரி அவை வழுவழுவென்று இருந்தன.

"பாத்தீங்களாடி, நமக்குன்னே துப்புரவா இருக்குது," என்றார் சித்ரா மிஸ். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. துரத்தும் அணியில் ஒன்பது பேர். எட்டுப் பேர், சுண்ணாம்புக் கோடு போட்ட கட்டத்துக்கு ஒருத்தியாக, வரிசையில் குந்தியிருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாமவள் துரத்துவாள். அவள் குந்தியிருப்பவளின் முதுகில் தட்டி 'கோ' என்றால், தட்டு வாங்கியவள் எழுந்து ஓட வேண்டும், தட்டியவள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். கோ வராமல் எழுந்திருக்கக் கூடாது. தட்டியது யார் என்று திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது. அவ்வளவுதான் ஆட்டம்.

ஆறாம் வகுப்பிலிருந்தே இந்தப் பள்ளிக்கூடத்தில் துரத்துவது என்றால் அது சரிதாதான். "உடாத சாமி, ஓடு சாமி!" என்று மிஸ் கத்துவார். அணியில் எத்தனையோ பேர் இருந்தும் மிஸ் சாமி என்று கூப்பிட்டது சரிதா ஒருத்தியைத்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் முட்டி பெயர்ந்த காலோடும் ஓடியிருக்கிறாள்.

இந்த ஜூன் மாதம் மேட்டூரிலிருந்து பிரீத்தி வந்தாள். அப்பாவுக்கு மின்வாரியத்தில் மாற்றல். பத்தாம் வகுப்பில் சேர்ந்து, முதல் விளையாட்டுப் பீரியடிலேயே மூன்று பேரை மூச்சு வாங்காமல் தொட்டுவிட்டுச் சிரித்தாள். மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எங்க சாமி இருந்த இத்தன நாளா?" என்றார்.

சரிதாவுக்கு வயிறு எரிந்தது. பிரீத்தியின் ஷூ பிடிக்கவில்லை. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை பிடிக்கவில்லை. பனிக்குத் தலையோடு போர்த்திக்கொண்டு வரும் வெள்ளைத் துண்டு பிடிக்கவில்லை. "தண்ணி குடிக்கிறயா சரிதா?" என்று அவள் பாட்டிலை நீட்டும்போது இன்னும் பிடிக்கவில்லை. கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இவள் அதற்கும் வழி விடவில்லை.

அணியில் பன்னிரண்டு பேர். களத்தில் இறங்குவது ஒன்பது பேர்தான். மற்ற மூவர் பயிற்சியில் துரத்தப்படுவதற்கு மட்டும். அந்த மூவரில் சரிதாவையும் சேர்த்துவிட்டார் மிஸ். பிரீத்தி தொடுவதற்காக அவள் ஓட வேண்டும். ஒன்பது பேர் யார் யார் என்று மிஸ் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை.

அன்று ரஞ்சிதாவுக்குக் காய்ச்சல். எட்டாவது கட்டம், கிழக்குக் கம்பத்தை ஒட்டியது, காலியாகக் கிடந்தது. "பரவால்ல, அதை உட்டுட்டு ஆடுங்க," என்றார் மிஸ்.

சரிதா வெறியோடு ஓடினாள். பிரீத்தியை மேற்குக் கோடிக்கு இழுத்து, அங்கிருந்து வெட்டித் திரும்பி, கிழக்குக் கம்பத்தைப் பிடித்துச் சுழன்றாள். பின்னால் யாருமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

முதுகில் ஒரு கை பட்டது.

பனியனைத் தாண்டிக் குளிர் உள்ளே இறங்கியது. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

விசில் ஒலித்தது. "அவுட்! சபாஷ் சாமி!"

"மிஸ், நான் தொடலீங்க," என்று மறுகோடியிலிருந்து குரல் வந்தது. பிரீத்தி அங்கே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். "நான் இங்கதானுங்க இருக்கறேன்."

உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பனிக்குள் தனக்குத்தான் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று மிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் சரிதாவின் மனசில் பயத்துக்கு இடம் இல்லை. பனி மறைவில் தொட்டுவிட்டு அந்தக் கோடிக்கு ஓடிப்போய், தொடவில்லை என்று சொல்லி நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள், என்ன நடிப்பு இது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பயிற்சி முடிந்து முகம் கழுவும்போது நல்லம்மாள் வந்தாள். பக்கத்துப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை அவளுக்கு. வேலைக்குப் போகிற வழியில் சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்தாள்.

"ஏனுங்க டீச்சர், இந்த எடத்துலயா ஆடறீங்க?" என்றாள். "ஆடறதுன்னா ஆடுங்க. அந்தக் கம்பத்துக்கிட்ட இருக்கற கட்டத்துல மட்டும் புள்ளைங்கள உக்கார வெக்காதீங்க."

"ஏனுங்கக்கா, பாம்பு கீம்பு இருக்குதா?"

"பாம்புன்னா அடிச்சுப் போட்டறலாமே. எங்கூடப் படிச்ச புள்ள அதுங்க. கந்தம்மான்னு பேரு. அவ மாதிரி ஓட ஆளு கெடையாது. போட்டிக்குப் பேரு சொன்னன்னிக்கி அவ பேரு இல்லைங்க. வேற ஒருத்தியச் சேத்துட்டாங்க. 'எனக்குக் கோ குடுக்காம எந்திரிக்க மாட்டேன்'னு அந்தக் கட்டத்துலயே குந்திக்கிட்டா. நாங்கெல்லாம் சிரிச்சுப் போட்டு ஊட்டுக்குப் போயிட்டமுங்க." நல்லம்மாள் கம்பத்தின் பக்கம் பார்க்காமலே பேசினாள். "சாயங்காலம் மழை புடிச்சுது. இடி உழுந்துச்சு. காலைல போய்ப் பாத்தா, குந்துனவ குந்துன மேனிக்கே இருந்தா."

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி ஒட்டிக்கொண்டார்கள். மிஸ் மட்டும் சிரிக்க முயன்றார். "சரி சரி, கெளம்புங்க. நாளைக்குக் காலைல ஒம்பது பேரு யாருன்னு சொல்லிப்புடறேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சரிதா அந்தக் கந்தம்மாளைப் பற்றித்தான் நினைத்தாள். பாவம் என்று நினைக்கவில்லை. அவள் செய்ததில் என்ன தப்பு என்று நினைத்தாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குப் போய்விட வேண்டும், மிஸ் வரும்போது வேர்க்க வேர்க்க ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். கேட் திறந்துதான் கிடந்தது. பனி முந்தின நாளைவிட அடர்த்தி. தூரத்தில் போர் போடும் ரிக் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போகிற சத்தம் கேட்டு, அதுவும் அடங்கியது.

கிழக்குக் கம்பத்தருகே யாரோ குந்தியிருந்தார்கள்.

சரிதா நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. தோளில் வெள்ளைத் துணி. விரல் நுனிகளைத் தரையில் ஊன்றி, கோ வந்தவுடன் பாய்வதற்குத் தயாரான இருப்பு.

பிரீத்தி! இதிலும் முந்திக்கொண்டாளா?

எட்டாவது கட்டம், நல்லம்மாள், கந்தம்மாள் எல்லாம் அந்தக் கணத்தில் சரிதாவின் நினைவிலேயே இல்லை. வயிற்றெரிச்சல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நாளாவது இவள் பதறி விழட்டும் என்று பூனை மாதிரி பின்னால் போனாள். கையை ஓங்கி, அவளால் முடிந்த மட்டும் பலமாக அந்த முதுகில் அறைந்தாள்.

"கோ!"

கை பட்ட இடம் சில்லென்றிருந்தது.

முந்தின நாள் தன் முதுகில் பட்ட அதே குளிர்.

கையை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் அஞ்சு வருஷமாகக் கோ கொடுத்த உடனே உட்கார்ந்து பழகிய கால்கள் அவை. மனசு வேண்டாம் என்று சொல்வதற்குள் அவை மடிந்துவிட்டன.

குந்தியிருந்தவள் எழுந்தாள். சரிதா அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

எழுந்தவள் ஓடவில்லை. இடுப்பை வளைத்துச் சோம்பல் முறித்தாள். ரொம்ப நாள் மடங்கிக் கிடந்த எலும்புகள் ஒவ்வொன்றாக நெட்டி முறியும் சத்தம் கேட்டது. பிறகு திரும்பினாள்.

சரிதாவின் முகம். சரிதாவின் நீலப் பனியன். சரிதாவின் முட்டியில் இருந்த தழும்பு.

உட்கார்ந்திருந்தவள் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். நீலப் பாவாடை. ஈரம் சொட்டும் வெள்ளைத் தாவணி. ஓரத்தில் கருகியிருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கத்தினாள். தன் குரல் தன் காதுக்கே கேட்கவில்லை.

"கோ வராம எந்திரிக்கக் கூடாது," என்றாள் நின்றவள், மெதுவாக. "தெரியுமல்ல?"

கேட் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். மிஸ் முன்னால் வந்தார், பக்கத்தில் தலையோடு துண்டு போர்த்திய பிரீத்தி.

"சரிதா! அதுக்குள்ள வந்துட்டியா? பாருங்கடி, இதுதான் அக்கறைங்கறது," என்றார் மிஸ். எட்டாவது கட்டத்தைத் தாண்டித்தான் அவர் பார்வை போனது. "இங்க வா சாமி. நேத்தே சொல்லலாம்னு இருந்தேன். பிரீத்தி ரெண்டு நாளா என்னைப் போட்டு நச்சரிக்கறா. 'சரிதாவ வெளிய உக்கார வெக்காதீங்க மிஸ், ரெண்டு பேருமா தொரத்துனா ஒரு டீமும் நிக்காது'ன்னு. நேத்து ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். அவ சொல்றது சரிதான். நீ ஒம்பதுல ஒருத்தி."

"சந்தோசமுங்க மிஸ்," என்றது சரிதாவின் குரல்.

பிரீத்தி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, என்னடி இப்பிடிச் சில்லுன்னு இருக்கற?" என்று சிரித்தாள்.

கட்டத்துக்குள் இருந்தவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரீத்தி மேல் இருந்த எரிச்சல் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போது பொறாமை தன் முகத்தின் மேல். தன் கால்களின் மேல். சாமி என்று கூப்பிட்டதும் திரும்பிய அந்தக் கழுத்தின் மேல். இவ்வளவு பொறாமை ஒரு உடம்புக்குள் அடங்குமா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ரஞ்சிதா இன்னும் வரவில்லை. எட்டாவது கட்டத்தை விட்டுவிட்டு ஆட்டம் தொடங்கியது. பிரீத்தி துரத்திக்கொண்டே கிழக்குக் கம்பம் வரை வந்தாள். வந்தவள், என்ன நினைத்தாளோ, காலியான கட்டத்துக்குப் பின்னால் வேகம் குறைந்து நின்றாள். யாரோ விசும்புவதைக் கேட்பவளைப் போலத் தலையைச் சாய்த்தாள். அவள் கை தானாக நீண்டது.

தாவணி போட்ட முதுகுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

தட்டு. தட்டுடி. ஒரே ஒரு கோ.

"பிரீத்தி!" வரிசையின் நடுவிலிருந்து சரிதாவின் குரல் அதட்டியது. "அங்க ஆரும் இல்ல. எனக்குக் கோ குடு!"

பிரீத்தி திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். ஓடிப் போய் அவள் முதுகில் தட்டினாள். சரிதா பாய்ந்தாள். அப்படி ஓர் ஓட்டத்தை அந்த மைதானம் ரொம்ப வருஷமாகப் பார்த்ததில்லை. "உடாத சாமி, ஓடு சாமி!" என்று மிஸ் தொண்டை கிழியக் கத்தினார்.

அடுத்த நாள் காலை முதலில் வந்தது பிரீத்திதான். கிழக்குக் கம்பத்தருகே போய்க் குனிந்து பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். எட்டாவது கட்டத்தின் சுண்ணாம்புக் கோடு நாலு பக்கமும் கலைந்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ நகத்தால் பிறாண்டியிருந்தார்கள். மண்ணில் அங்கங்கே ரத்தம், இன்னும் காயவில்லை.

"சரிதா, இங்க வந்து பாரேன்," என்றாள் பிரீத்தி, அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்தவளிடம்.

சரிதா வந்து பார்த்தாள். சுண்ணாம்புச் சட்டியை எடுத்து வந்து, நாலு பக்கமும் கோட்டை அழுத்தமாகத் திரும்பப் போட்டாள்.