காற்றில்லாத ஆறரை மணி நேரம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சந்திரலேகாவின் அலுவலகத்துக்கு ராசம்மாள் வந்து சேர்ந்தபோது மதியம் ஒன்று பத்து. சிதம்பரம் பேருந்தை விட்டு இறங்கியவள் ஷேர் ஆட்டோவுக்குக்கூட நிற்காமல் சித்திரை வெயிலில் ஓடி வந்திருந்தாள். உட்காரச் சொன்னதையும் அவள் காதில் வாங்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரக் காணோம்மா. பத்து மணிக்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்னாரு. நான் பன்னண்டு வரைக்கும் பாத்தேன். போனு காலையிலேருந்து ஆஃப்பு."

அவள் கணவர் அய்யனாரைச் சந்திரலேகாவுக்குத் தெரியும். விபத்தில் சிக்கிய படகுகளைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை கொடுக்கும் சர்வேயர் சந்திரலேகா. காணும் பொங்கலன்று உப்பங்கழியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து ஒரு தாயும் மகளும் இறந்துபோன விபத்தை அவள்தான் பார்வையிட்டாள். அந்தப் படகின் முதலாளி கதிர்வேல். படகில் இருந்த பணியாள் அய்யனார்.

"இன்னிக்குத்தானே விசாரணை?"

"ஆமாம்மா. நாலு மணிக்கு, சிதம்பரத்துல, சப் கலெக்டர் ஆபீஸ்ல. அஞ்சு மணியோட விசாரணைய முடிச்சுடுவாங்களாம். பயணிங்கதான் லைஃப் ஜாக்கெட் வேணாம்னாங்கன்னு ஓனரு சொல்லியிருக்காரு. அது பொய்யி. எட்டு பேரு போற போட்டுல பதினாலு பேர ஏத்துறதுக்காக அவருதான் ஜாக்கெட்ட கரையிலயே போடச் சொன்னாரு. அதச் சொல்றதுக்கு இவர விட்டா ஆள் இல்ல."

"காலையில எங்க போனாரு?"

"அஞ்சரைக்கு ஓனர் கூப்புட்டாரு. பாய்மரப் போட்ட எடுக்கணும், ஒரு கை குடுத்துட்டுப் போன்னு. இப்ப போன்ல கேட்டா, ஆறு மணிக்கே அவன் பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாங்கறாரு. போலீஸ்காரரு, பயந்துகிட்டு எங்கியாச்சும் ஓடியிருப்பான்ங்கறாரு. அவரு ஓடுற ஆளில்லம்மா."

சந்திரலேகா மேசையைப் பூட்டிவிட்டு எழுந்தாள். அவளுடைய உதவியாளன் தங்கராசு அதற்குள் கார் கதவைத் திறந்து வைத்திருந்தான். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். எதையும் உடனே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று துடிப்பவன்.

"தொறமுகத்து ஆபீசுக்குப் போன் போடு. காலையிலேருந்து காத்து எப்படி இருந்துச்சுன்னு மணிக்கணக்கா கேட்டு எழுதிக்க" என்றாள்.

"காத்தா? ஆள் காணாமப் போனதுக்கும் காத்துக்கும் என்னாக்கா சம்பந்தம்?"

"தெரியல. கேட்டு வை."

முதுநகர்ப் படகுத்துறையில் கதிர்வேலின் பாய்மரப் படகு கட்டிக் கிடந்தது. அடியில் முந்நூறு கிலோ ஈயம் பொருத்திய, ஏழு மீட்டர் நீளமுள்ள கீல்போட். நேற்று முன்தினம்தான் அடிப்பகுதியைச் சுரண்டி மெழுகு பூசியிருந்தார்கள். இஞ்சின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கொட்டகைக்குப் போகும் வழியில் தங்கராசு ஏதோ சங்கிலி தடுக்கிக் குப்புற விழப் பார்த்தான். தண்ணீர் கேன்கள், மடக்கு நாற்காலிகள், ஒரு நங்கூரம் என்று படகுச் சாமான்கள் அங்கே குவிந்து கிடந்தன. நங்கூரத்தின் மேல் சிலந்தி வலை.

கொட்டகைக்குள் நுழைந்த ராசம்மாள் அலறினாள். ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அணைந்து கிடந்த செல்போன்.

"விசாரணைக்குப் போட்டுக்கணும்னு எடுத்துக்கினு வந்தாரு. இத வுட்டுட்டு சிதம்பரம் போயிருப்பாரா?"

கதிர்வேல் வெளுத்த சட்டையும் புதுச் செருப்புமாக வந்தார். அவருக்குப் பின்னால் கடலோரக் காவல் உதவி ஆய்வாளர் இளவரசு.

"நான் நாலு மணிக்கு சிதம்பரத்துல இருக்கணும் மேடம். சீக்கிரம் கேளுங்க" என்றார் கதிர்வேல். "அவன் வந்தான், பாயைக் கட்டிக் குடுத்தான், ஆறு மணிக்கு எறங்கிப் போயிட்டான். நான் தனியாத்தான் போனேன். முகத்துவாரத்தத் தாண்டினதும் காத்து செத்துப்போச்சு. இஞ்சின் ரெண்டு நாளா ஒர்க்‌ஷாப்ல கெடக்கு. என்னா பண்றது? நங்கூரத்தப் போட்டுட்டு அங்கியே குந்தியிருந்தேன். பன்னண்டரைக்கு லேசாக் காத்து வந்துச்சு, திரும்பிட்டேன்."

"ஒர்க்‌ஷாப்ல விசாரிச்சுட்டேன். இஞ்சின் அங்கதான் இருக்கு" என்றார் இளவரசு. "ஆறு மணிக்கும் பன்னண்டரைக்கும் அவரு முகத்துவாரத்துல இருந்ததப் பாத்த ஆளுங்க இருக்காங்க. இஞ்சினும் இல்ல, காத்தும் இல்ல. எங்க போயிருக்க முடியும்?"

பார்த்தவர்களில் ஒருவரான கோவிந்தசாமி பக்கத்திலேயே தன் ஃபைபர் படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சந்திரலேகா அவரிடம் போனாள்.

"காலையில இந்தப் போட்டப் பாத்தீங்களாமே?"

"பாத்தேம்மா. ஆறு மணி இருக்கும், முகத்துவாரத்துல வலைய இழுத்துக்கினு இருந்தேன். பீடிப் பொகை நேரா மேல போவுது, அந்த மாதிரி நாளு. இதுல ஒரு வேடிக்க என்னான்னா, அந்தப் போட்டு ஒரு பக்கமா சாஞ்சு கெடந்துச்சு. தண்ணி ஏறிப்போச்சோன்னுகூட நெனச்சேன். ஆளு யாருன்னு தெரியல, பாய் மறைச்சுக்கிச்சு."

"நீரோட்டம்?"

"இந்த மாசத்துல வடக்கால இழுக்கும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும். இன்னிக்கும் இழுத்துச்சு."

சந்திரலேகா திரும்பி வந்து பாய்மரப் படகின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே நடந்தாள். முன்பகுதியில் புதிதாக ஒரு நீளக் கீறல். விரலை எடுத்துப் பார்த்தபோது வெள்ளைச் சிப்பித் துகளும் சாம்பல்நிற சிமென்ட் பொடியும் ஒட்டியிருந்தன. படகுத்துறைச் சுவரைப் பார்த்தாள். வரிசையாக டயர்கள் கட்டியிருந்தார்கள். அங்கே உரசினால் கறுப்புத்தான் ஒட்டும்.

தங்கராசு மூச்சு வாங்க வந்து தாளை நீட்டினான். "ஒசரக் கம்பத்துக் கருவியில பாத்துச் சொன்னாங்க. காலையிலேருந்து மேக்கேருந்து ஏழெட்டு கிலோமீட்டர் வேகம். பத்து மணி வாக்குல திசை மாறி, கெழக்கேருந்து அதே அளவு. எலை ஆடுற காத்துதான்க்கா. பாய்மரப் போட்டு போவாது."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஆறு.

"எல்லாரும் இங்க வாங்க" என்றாள். குரல் உயரவில்லை. "கதிர்வேல், உங்க படகுக்கு எத்தனை நங்கூரம்?"

"ஒண்ணுதான். ஏன்?"

"அது அங்க கெடக்கு. சங்கிலி தடுக்கித் தங்கராசு விழப் பாத்தான். அது மேல சிலந்தி வலை பின்னியிருக்கு. ஒரு வாரமா தண்ணியப் பாக்கல."

கதிர்வேல் நங்கூரத்தைத் திரும்பிப் பார்த்தார். "டென்ஷன்ல ஏதோ சொல்லிட்டேன். நங்கூரம் போடல. சும்மா மெதந்துகிட்டிருந்தேன்."

"சரி, மெதந்தீங்க. நீரோட்டம் வடக்கே போகுது. ஆறரை மணி நேரத்துல ஆறு கிலோமீட்டருக்கு மேல வடக்க தள்ளியிருக்கணும். பன்னண்டரைக்கு நீங்க அதே முகத்துவாரத்துல நின்னீங்க. நங்கூரமும் இல்ல, மெதக்கவும் இல்லன்னா, நீங்க பாய்ல ஓடியிருக்கீங்க."

"காத்து இல்லாமலா?" என்றார் இளவரசு.

"கோவிந்தசாமி அண்ணன் தண்ணி மட்டத்துல உக்காந்திருந்தாரு. அங்க காத்து இல்ல. பாய்மரம் பத்து மீட்டர் ஒசரம். அங்க ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்துல காத்து இருந்துச்சு. காலேஜ்ல இருந்தப்ப நான் சென்னையில கீல்போட் ரேஸ் ஓட்டியிருக்கேன். இப்படிப்பட்ட நாள்ல காத்து பக்கவாட்டுல வந்தா, அதோட வேகத்துல பாதிக்கு மேலயே கெடைக்கும். மணிக்கு நாலரை கிலோமீட்டர். ஆள் நடக்கிற வேகம். கரையிலேருந்து பாத்தா நிக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா அதுக்கு எடையக் கொறைக்கணும், அடியச் சுத்தமா வைக்கணும். இவரு இஞ்சின், நங்கூரம், தண்ணி கேன் எல்லாத்தையும் எறக்கிட்டாரு. அடியையும் மெழுகியிருக்காரு."

"அப்ப அண்ணன் பாத்தது?" தங்கராசு பரபரத்தான். "படகு சாஞ்சிருந்துச்சுன்னாரே?"

"அதுதான் முக்கியம். அடியில ஈயம் இருக்கிற படகு, காத்தில்லாம சும்மா நின்னா நேரா நிக்கும். லேசான காத்துல ஓட்டத் தெரிஞ்சவங்க, வேணும்னே காத்து போற பக்கமா நகந்து உக்காந்து படகச் சாய்ப்பாங்க. அப்பத்தான் பாய் தொங்காம வளைஞ்சு நிக்கும். ஆனா ஒரு ஆள் எடைக்கு இந்தப் படகு இவ்வளவு சாயாது. தண்ணி ஏறிடுச்சோன்னு பயப்படுற அளவுக்குச் சாஞ்சிருந்துச்சுன்னா ரெண்டு பேர் வேணும்."

ராசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். இளவரசு கதிர்வேலுக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றார்.

"தெக்கே போனாரு" என்று சந்திரலேகா தொடர்ந்தாள். "வடக்க தேவனாம்பட்டினம், கரை முழுக்க ஜனம். போகும்போது நீரோட்டம் எதுத்ததால மணிக்கு மூணரை கிலோமீட்டர், வரும்போது அது கூட சேந்ததால அஞ்சரை. ஆறரை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டா, போக நாலு மணி நேரம், வர ரெண்டரை. பதினாலு கிலோமீட்டர் தூரம் வருது. படகுல சிப்பியும் சிமென்ட்டும் ஒட்டியிருக்கு. பதினாலு கிலோமீட்டர்ல, கடலுக்குள்ள சிமென்ட் தூண் எங்க இருக்கு அண்ணே?"

கோவிந்தசாமி வலையைக் கீழே போட்டார். "புதுக்குப்பத்துக்கு நேரா. ஜெட்டி கட்டுறேன்னு பாதியில வுட்டுட்டுப் போனானுங்களே, அந்த மேடை. கரையிலேருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள. ஏணிகூட கெடையாது."

கதிர்வேல் கையெடுத்துக் கும்பிட்டார். "அவன ஒண்ணும் பண்ணல" என்றார். "முகத்துவாரம் வரைக்கும் வந்துட்டுப் போன்னு ஏத்திக்கிட்டேன். வழியெல்லாம் கெஞ்சிப் பாத்தேன். மாட்டேன்னுட்டான். கயிறு கட்டணும், ஏறுன்னேன். ஏறினான். நான் நவுந்துட்டேன். விசாரணை முடிஞ்சதும் ஆள் அனுப்பிக் கூட்டிக்கிட்டு வரலாம்னுதான்..."

"கூட்டிக்கிட்டு வந்தா அவரு பேச மாட்டாரா? அவரு திரும்பி வரவே கூடாதுன்னுதான் விட்டுட்டு வந்திருக்கீங்க" என்றாள் சந்திரலேகா.

ராசம்மாள் கோவிந்தசாமியின் படகை நோக்கி ஓடினாள். தங்கராசு அவளைத் தடுத்துப் பிடித்தான்.

"தங்கராசு, அவங்கள ஏத்திக்கிட்டுக் காரை புதுக்குப்பம் கரைக்கு ஓட்டு. நாங்க கடல் வழியா வரோம்."

இளவரசு கதிர்வேலைக் கூட வந்திருந்த காவலரிடம் ஒப்படைத்துவிட்டு ஃபைபர் படகில் குதித்தார். கோவிந்தசாமி இஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினார். தண்ணீர் முகத்தில் அறைந்தது. மேடை கண்ணில் பட்டபோது இரண்டு ஐம்பத்தைந்து.

மேடையில் யாரும் இல்லை.

வெயிலில் வெந்த சிமென்ட் தளமும், துருப்பிடித்த கம்பிகளும், நாலைந்து பறவைகளும்தான் இருந்தன. கோவிந்தசாமி இஞ்சினை நிறுத்தினார். இளவரசு கைகளைக் குவித்துக் கத்தினார். "அய்யனார்!"

பறவைகள் எழுந்து பறந்தன. பதில் இல்லை. கரை இருக்கும் திசையை சந்திரலேகா பார்த்தாள். நீந்திப் போக முயன்றிருந்தால்? இவ்வளவு நீரோட்டத்தில்? அவள் குனிந்து தூண்களுக்கிடையே பார்த்தாள்.

"கீழ போங்க அண்ணே. மேடைக்கு அடியில. வெயிலுக்கு ஒதுங்கறவரு நெழலத்தான் தேடுவாரு."

தூண்களுக்கிடையே படகு மெல்ல நுழைந்தது. நடுத்தூண் இரண்டை இணைக்கும் குறுக்கு விட்டத்தில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, ஒரு மனிதன் தூணைக் கட்டிக்கொண்டு கிடந்தான். கைகளும் மார்பும் சிப்பி கிழித்து ரத்தமாக இருந்தன. ஏறுகிற கடலோதம் அவன் பாதங்களை நனைத்துக்கொண்டிருந்தது.

கோவிந்தசாமி அய்யனாரை அலாக்காகத் தூக்கிப் படகில் போட்டார். இளவரசு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். மூன்றாவது மடக்கில் அய்யனார் கண்ணைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது.

"மணி என்னா?" என்றார்.

"மூணு இருபது. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் இளவரசு.

"சிதம்பரம்" என்றார் அய்யனார். பிறகு எவ்வளவு கேட்டும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னார்.

புதுக்குப்பம் கரையில் ராசம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் அழவில்லை, கோபமாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு காரில் ஏறினாள். சந்திரலேகாவும் இளவரசும் கூட ஏற, தங்கராசு ஓட்டினான். இளவரசு விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டுப் பார்த்தார்; எடுக்கவில்லை. பாதித் தூரம் தாண்டும் வரை அவன் ஒரு கேள்வியும் கேட்காதது சந்திரலேகாவுக்கே வியப்பாக இருந்தது. பரங்கிப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி தளரவில்லை.

சார் ஆட்சியர் அலுவலகத்தின் மாடியை அவர்கள் அடைந்தபோது நாலு ஐம்பது. விசாரணை அதிகாரி கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். படகு விபத்தில் இறந்த பெண்ணின் கணவர் வாசலில் ஒரு நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ரத்தம் காய்ந்த பனியனோடு ஒருவர் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து அவர் எழுந்தார்.

இளவரசு அதிகாரியின் காதருகே குனிந்து நடந்ததைச் சொன்னார். அதிகாரி கட்டிய கோப்பைப் பிரித்தார்.

"உக்காருங்க அய்யனார். உங்கள கடல்ல விட்டுட்டு வந்ததப் பத்தி மொதல்ல ஒரு புகார் எழுதிக்கலாமா?"

அய்யனார் தலையை அசைத்தார். வாசலில் நின்ற அந்த மனிதரை ஒருமுறை பார்த்தார்.

"என்னோடது நாளைக்கு எழுதிக்கலாம் சார். நான் உசுரோட இருக்கேன்" என்றார். "மொதல்ல அந்தம்மாவோடதையும், அந்தப் புள்ளையோடதையும் எழுதுங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.